அறிந்ததும் உணர்ந்ததும்: தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர்

தஞ்சைத் தரணியில் சூரியமூலை எனும் சிற்றூரில் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள் பிறந்தவர் உ.வே. சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் மாணாக்கராகி, 1876-இல் அவர் சிவபதம் அடையும்வரை உடனிருந்து பயின்றார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, தலபுராணம் என அவர் பாடங்கேட்ட நூல்கள் பற்பல.

1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டிலேயே, அவ்வூர் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற நூல்களை ஐயர் பெருமிதத்துடன் அடுக்கிச் சொன்னார். முதலியார் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. இவற்றுக்கெல்லாம் முற்பட்ட பழந்தமிழ் நூல்களைக் கற்றதுண்டோ என்பதே அவர் அறிய விரும்பியது. பின்னர்ச் சீவக சிந்தாமணியின் பிரதி ஒன்றை அளித்து, அதைப் பாடஞ் சொல்லுமாறு வேண்டினார்.

சிந்தாமணி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுட்களைக் கொண்ட சமண காவியம். ஐயருக்குச் சொற்கள் விளங்கின. நச்சினார்க்கினியர் உரையும் கையில் இருந்தது. எனினும் சமண சமயக் கொள்கைகள் வருமிடங்களில் உட்பொருள் பிடிபடவில்லை. அதுவரை சேர்த்த கல்வி அங்கே உதவவில்லை.

சைவ ஆதீனத்தில் வளர்ந்த கல்லூரி ஆசிரியர், அவ்வூர்ச் சமணர் இல்லத்தை நாடிச் சென்றார். அன்று அவ்வில்லத்தில் தோரணம் கட்டப்பட்டிருந்தது. சிந்தாமணியைப் படித்து நிறைவு செய்ததை அவர்கள் விழாவாகக் கொண்டாடிக்கொண்டிருந்தனர். ஐயர் ஏட்டில் பொருள் தேடிய நூலை, அவர்கள் வழிவழியாகப் போற்றி ஓதி வந்திருந்தனர். கூச்சமின்றித் தம் ஐயங்களை அவர்களிடம் கேட்டார். அவர்களும் மனமுவந்து விளக்கினர். மயங்கிய இடங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. பல ஏடுகளை ஒப்புநோக்கி 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை ஆகியன பின்தொடர்ந்தன.

1906-இல் மகாமகோபாத்தியாயப் பட்டம் பெற்ற அப்பெரியார், 1942 ஏப்ரல் 28-ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் மறைந்தார். இறுதிவரை சைவநெறி வழுவாது வாழ்ந்தவர் அவர். பிறர் சமயத்தைப் பணிவுடன் கேட்டறிந்ததால் அவர்தம் பக்தி குறைந்துவிடவில்லை.

மாக் மண்டினில் திருவிழாக் காலத்தில் சிறார்கள் தேவாரத்தைப் பிழையின்றி ஒப்புவிப்பது பெற்றோர்க்குப் பெருமை. பாடிய பதிகத்தின் பொருளென்ன என்று அவர்கள் பெரியோரை அணுகிக் கேட்பார்களாயின், அதுவே அந்தப் பாட்டு உள்ளத்தில் குடிபுகும் நாள். கேட்பதற்குத் தயங்காத சாமிநாதையர் வாழ்வு அதற்கு நல்வழி காட்டும்.