இரும்பை வளைக்க வழி காட்டிய தச்சர்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தவர்கள், கயிற்றில் கட்டிய கல்லின் மீது காலை ஊன்றி ஆழத்துக்கு இறங்கினார்கள். இறங்க இறங்கக் காது அடைக்கும், வலிக்கும். நெஞ்சை யாரோ இறுக்கிப் பிடிப்பது போல இருக்கும்.

அப்படி இறுக்கியது யார்? தண்ணீர்தான்!

பத்து மீட்டர் ஆழத்தில், உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் இடத்தையும் தண்ணீர் சுமார் ஒரு கிலோ பாரத்துடன் அமுக்குகிறது. அது மேலிருந்து மட்டும் அல்ல. எல்லாப் பக்கத்தில் இருந்தும் அமுக்குகிறது.

இந்தத் தண்ணீரின் பலத்தைப் பிடித்து, ஒரு எந்திரத்துக்குள் அடைத்து, மனிதனுக்கு வேலை செய்ய வைத்தவர் ஒருவர் உண்டு. கப்பலின் இரும்பு விலா எலும்புகளையும், பாலங்களின் உத்திரங்களையும், கட்டிடங்களின் ஆங்கிள், சானல்களையும் வளைக்கும் பெரிய எந்திரங்கள் பலவற்றுக்கு அவர் செய்த எந்திரமே தாய்.

அவர் பெயர் ஜோசப் பிராமா.

காலில் அடி

இங்கிலாந்தில் யார்க்ஷயர் என்னும் பகுதி. அங்கே ஸ்டெயின்பரோ என்ற சிற்றூர். 1748-ம் ஆண்டு ஒரு விவசாயியின் வீட்டில் பிராமா பிறந்தார். படித்து முடித்ததும் தகப்பனாருடன் வயலில் இறங்கினார்.

16 வயதில் அவருடைய கணுக்காலில் பலத்த அடிபட்டது. ஏர் பிடிக்க முடியவில்லை. விவசாயியின் மகனுக்கு இனி என்ன வழி?

தச்சரிடம் தொழில் பழகச் சேர்த்தார்கள். கால் போனாலும் கை இருந்தது. கையை விட மேலான மூளையும் இருந்தது!

தொழில் கற்றதும் லண்டனுக்குப் போனார். மேசை, அலமாரி செய்தார். வீடுகளில் கழிப்பறைகளைப் பொருத்தும் வேலையும் வந்தது. பொருத்தினால் போதும் என்று அவர் விடவில்லை. அதில் உள்ள குறையைப் பார்த்தார், திருத்தினார். 1778-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

திறக்க முடியாத பூட்டு

அடுத்து ஒரு பூட்டு செய்தார். 1784-ல் அதற்கும் காப்புரிமை கிடைத்தது. கள்ளச் சாவிக்கு மசியாத பூட்டு அது. சாவி இல்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அவருடைய கடை ஜன்னலில் பலகை வைக்கப்பட்டது. பலர் முயன்று தோற்றார்கள். 1851-ல்தான் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதைத் திறந்தார். அதற்கும் அவருக்குப் பல நாட்கள் பிடித்தன!

பூட்டின் உள்ளே இருந்த நுட்பமான பாகங்களைக் கையால் அறுத்து, ராவித் தீர்க்க முடியவில்லை. நல்ல கைத்தேர்ச்சி உள்ள ஆளைப் பிராமா தேடினார். வந்தவனுக்கு வயது 18. பெயர் ஹென்றி மாட்ஸ்லே. சின்னப் பையன் என்று பட்டறையில் தயங்கினார்கள். ஆனால் வேலையில் பெரியவர்களை மிஞ்சினான்.

நீரின் பலம்

பிரான்ஸ் நாட்டு அறிஞர் பாஸ்கல் 17-ம் நூற்றாண்டிலேயே ஒரு உண்மையைச் சொல்லி இருந்தார். மூடிய பாத்திரத்தில் உள்ள தண்ணீரை ஓர் இடத்தில் அமுக்கினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லா இடத்துக்கும் பரவும் என்பதே அது.

பிராமா இரண்டு உருளைகளை எடுத்துக்கொண்டார். ஒன்று சிறியது, மற்றது பெரியது. இரண்டையும் குழாயால் இணைத்துத் தண்ணீரை நிரப்பினார். சிறிய பிஸ்டனின் அகலம் ஒரு அங்குலம், பெரியதன் அகலம் பத்து அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியதன் பரப்பு 100 மடங்கு. எனவே சிறியதை ஒரு கிலோ பலத்துடன் அமுக்கினால், பெரியது 100 கிலோ பலத்துடன் எழும்பும்!

ஆனால் இலவசம் எதுவும் இல்லை. பெரியது ஒரு அங்குலம் உயர, சிறியது மொத்தம் 100 அங்குலம் இறங்க வேண்டும். அதனால்தான் பம்பை மீண்டும் மீண்டும் அடிக்க வேண்டியிருக்கிறது.

1795-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் ஒரு தொல்லை. அழுத்தம் ஏறியதும் பிஸ்டனின் ஓரத்தில் தண்ணீர் பீறிட்டது. இறுக்கி அடைத்தால் பிஸ்டன் நகரவில்லை. தளர்த்தினால் தண்ணீர் நிற்கவில்லை.

தீர்வு ஒரு தோல் வளையம்! கிண்ணம் போல மடித்த தோல். தண்ணீர் அதன் மடிப்புக்குள் புகுந்து, இரு உதடுகளையும் விரித்து அழுத்தும். அழுத்தம் ஏற ஏற அடைப்பு இறுகும். அழுத்தம் நீங்கினால் தானே தளரும். எந்தத் தண்ணீர் தொல்லை கொடுத்ததோ, அதுவே காவலாளி ஆனது!

இதைக் கண்டவர் மாட்ஸ்லேதான் என்று, பின்னாளில் அவரிடம் வேலை பார்த்த நாஸ்மித் என்ற பொறியாளர் சொல்லியிருக்கிறார். அந்த மாட்ஸ்லே, குடும்பம் பெருகியதால் கூலி உயர்வு கேட்டார். வாரம் 30 ஷில்லிங்தான் அவருக்குக் கிடைத்து வந்தது. பிராமா மறுத்தார். 1797-ல் மாட்ஸ்லே வெளியேறிச் சொந்தப் பட்டறை போட்டார். பிற்காலத்தில் அவருடைய நிறுவனம் கப்பல் எந்திரங்களுக்குப் பேர் பெற்றது. சில ஷில்லிங்குகளை மிச்சம் பிடித்த பிராமா, ஒரு மேதையை இழந்தார்.

பஞ்சு முதல் இரும்பு வரை

நீரழுத்த எந்திரம் முதலில் பொதி அமுக்க உதவியது. பஞ்சை இறுக்கி அமுக்கினால் கப்பலில் இடம் மிச்சம். தூத்துக்குடியில் இருந்தும் அமுக்கிய பஞ்சுப் பொதிகள் அந்நாளில் கப்பல் ஏறின.

பிறகு இரும்பின் முறை வந்தது. மரத் தோணிக்கு வளைந்து வளர்ந்த மரத்தைத் தேடி எடுக்கலாம். வளைந்து வளர்ந்த இரும்பு உண்டா? நீண்ட உலையில் பழுக்கக் காய்ச்சி, துளைகள் உள்ள இரும்புத் தளத்தில் முளைகளை நட்டு, சம்மட்டியால் அடித்துக் கப்பலின் விலாக்களை வளைத்தார்கள். உடம்பு வெந்துபோகும் வேலை. நீரழுத்த எந்திரம் வந்த பிறகு, காய்ச்சாமலே வளைக்க வழி பிறந்தது.

பலத்துக்குக் காவல்

பலம் பெரிது என்றால் ஆபத்தும் பெரிது. பாம்பன் போல, வேல்ஸ் நாட்டில் மெனாய் ஜலசந்தியின் மேல் ரயில் பாலம் கட்டினார்கள். 1849-ல் 1,500 டன்னுக்கும் அதிகமான இரும்புக் கூண்டை நீரழுத்த எந்திரம் தூக்கிக்கொண்டிருந்தது. திடீரென்று உருளையின் அடிப்பாகம் உடைந்து விழுந்தது. ஒரு தொழிலாளி உயிர் இழந்தார். ஆனால் கூண்டு சில அங்குலங்களே இறங்கியது. உயர உயர அடியில் முட்டுக் கொடுத்து வர வேண்டும் என்று பொறியாளர் ராபர்ட் ஸ்டீபன்சன் கட்டளை இட்டிருந்தார். அந்த முன்யோசனைதான் பெரும் நாசத்தைத் தடுத்தது.

இன்றைய பட்டறைக்கும் அதுவே பாடம். எந்திரத்தை மட்டும் நம்பக் கூடாது, முட்டும் வேண்டும். வளைத்த இரும்பு, அழுத்தம் நீங்கியதும் கொஞ்சம் பழைய நிலைக்குத் திரும்பும். சரியாகத் தாங்காத சானல் முறுக்கிக்கொண்டு துள்ளும். ஆகவே அதற்குத் தக்க அச்சை வைக்க வேண்டும். நீண்ட முனைக்குத் தாங்கி வேண்டும். அது துள்ளும் திசையில் ஆள் நிற்கக் கூடாது. அச்சுக்கும் இரும்புக்கும் நடுவே கை போகக் கூடாது. இரண்டு கையாலும் பொத்தானை அமுக்கினால்தான் ஓடும் எந்திரம் இதற்காகவே வந்தது. எண்ணெய்க் குழாய் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும் ஆபத்து. ஊசி முனை அளவு ஓட்டையில் பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். எந்திரத்தை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கிய பிறகே தொட வேண்டும்.

கடைசி வேலை

பிராமா ஓய்ந்து உட்காரவில்லை. 1806-ல் பண நோட்டுகளில் எண் அச்சிடும் எந்திரம் செய்தார். 1814-ல் ஹோல்ட் காட்டில் பெரிய மரங்களை நீரழுத்த எந்திரத்தால் வேரோடு பிடுங்கும் வேலை நடந்தது. முதலாளி வீட்டிலேயே இருந்திருக்கலாம். அவர் குளிரில் நின்று மேற்பார்த்தார். சளி பிடித்தது, காய்ச்சல் முற்றியது. அந்த ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி காலமானார்.

ஏர் பிடிக்க முடியாமல் வயலை விட்டு வெளியேறிய சிறுவன், தண்ணீரை ஏரில் பூட்டி விட்டுப் போனார்.