மினி காருக்கு ரப்பர் கால் கொடுத்தவர்... யார் இந்த அலெக் இஸிகோனிஸ்?

மிஸ்டர் பீன் ஓட்டுவாரே, அந்தக் குட்டிப் பச்சை கார்... ஞாபகம் இருக்கா? அதுதான் மினி. அதை உருவாக்கிய அலெக் இஸிகோனிஸ் இறந்து 35 வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனால், பழைய மினி ஒன்றை வாங்கிப் பழையபடியே மீட்டெடுக்க ஆசைப்படுகிற யாரும், இவர் கதையைத் தெரிஞ்சுக்காம ஸ்பேனரைத் தொடக் கூடாது. ஏன்னு கேக்குறீங்களா? அந்த காரின் சஸ்பென்ஷனில் எது ஒரிஜினல், எது பின்னாடி யாரோ மாட்டினது என்பதற்கான விடை இவர் வாழ்க்கைக்குள்ளதான் இருக்கு.

அகதியாக வந்த பையன்

1906-ல் ஸ்மிர்னாவில் பிறந்தார் இஸிகோனிஸ். இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரம்தான் அது. அப்பா, பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற கிரேக்க இன்ஜினீயர். அம்மா ஜெர்மன் வம்சாவளி. 1922-ல் போர் நகரத்தை நெருங்க, பிரிட்டிஷ் கப்பலில் ஏறி மால்டா தீவுக்குத் தப்பியது குடும்பம். அப்பா அங்கேயே இறந்துபோனார். அம்மாவும் மகனும் மட்டும் லண்டன் வந்து சேர்ந்தாங்க.

பாட்டர்ஸீ பாலிடெக்னிக்கில் இன்ஜினீயரிங் சேர்ந்தார். கணக்குப் பரீட்சையில் மூணு தடவை ஃபெயில்! ஆனால், பென்சிலும் பேப்பரும் கிடைத்துவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. அந்தத் திறமைதான் 1936-ல் அவரை மோரிஸ் கம்பெனிக்குள் கொண்டுவந்தது. கொடுத்த வேலை என்ன தெரியுமா? சஸ்பென்ஷன்.

வேலை நேரம் போக, நண்பர் ஜார்ஜ் டவுசனோடு சேர்ந்து சொந்தமாக ஒரு குட்டி ரேஸ் காரைக் கையாலேயே செய்தார். அதில் ஸ்டீல் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர். இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

முறுக்கினால் ஸ்பிரிங்!

1948-ல் வந்தது இவர் வடிவமைத்த மோரிஸ் மைனர். தயாரிப்பு தொடங்கும் கடைசி நேரத்தில், கார் ரொம்ப ஒல்லியாக இருக்கிறது என்று தோன்ற, மாதிரி காரை நெடுக்காக இரண்டாக அறுத்து 4 அங்குலம் அகலமாக்கச் சொன்னார். பம்பர்கள் அதற்குள் ரெடியாகிவிட்டன. அதனால் அதையும் வெட்டி, நடுவில் ஒரு துண்டு வைத்தார்கள். ஆரம்பகால மைனரில் பம்பர் நடுவில் ஒட்டு இருந்தால், யாரோ செய்த மட்டமான ரிப்பேர் என்று நினைச்சுடாதீங்க. அதுதான் ஒரிஜினல்!

மைனரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. நீளவாக்கில் ஓடும் ஒரு ஸ்டீல் கம்பி முறுக்கிக்கொண்டு அதிர்ச்சியைத் தாங்கும். பெயர் டார்ஷன் பார். ஒரு பக்கமாகவே முறுக்கிப் பழகிய கம்பி அது. கழற்றும்போதே இடது, வலது என்று குறித்து வைக்கணும், மாற்றி மாட்டக் கூடாது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-ஐ அடிப்படையாகக் கொண்டு வந்த நம்ம ஊர் பழைய அம்பாஸடர்களின் முன்பக்கத்திலும் டார்ஷன் பார்தான். தாத்தா வீட்டு ஷெட்டில் ஒன்று தூங்கினால், குனிந்து பாருங்க.

10 அடிக்குள் ஒரு குடும்பம்

1956-ல் சூயஸ் கால்வாய்ப் பிரச்னை வெடித்தது. பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன். குறைவாகக் குடிக்கும் குட்டி கார் வேணும் என்றார் பி.எம்.சி நிறுவனத் தலைவர் லியோனார்டு லார்டு. மோரிஸும் அப்போது அந்த நிறுவனத்தின் கீழ்தான் இருந்தது.

சுமார் 10 அடி நீளம். அதற்குள் நாலு பேர். இஸிகோனிஸ் இன்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்பாக்ஸை அதன் அடியிலேயே நுழைத்தார். சக்கரம் வெறும் 10 அங்குலம். பெரிய ஸ்பிரிங்குக்கு இடமே இல்லை. அப்போதுதான் நண்பர் அலெக்ஸ் மோல்டன் கொடுத்த ரப்பர் கூம்பு உள்ளே வந்தது. 1959 ஆகஸ்ட் 26-ல் மினி அறிமுகம்!

1964-ல் கதை மாறியது. ரப்பரோடு திரவமும் சேர்ந்த ஹைட்ரோலாஸ்டிக் சஸ்பென்ஷன் மினிக்கு வந்தது. முன்சக்கரம் மேட்டில் ஏறினால், திரவம் குழாய் வழியாகப் பின்னால் ஓடி, பின்பக்கத்தையும் தூக்கிவிடும். கார் ஆடாமல் நிற்கும். செலவு அதிகம் என்பதால், 1969-ல் தொடங்கி 1971-க்குள் மறுபடி ரப்பர் கூம்புக்கே திரும்பிவிட்டார்கள். முன்னதை 'வெட்', பின்னதை 'டிரை' என்பார்கள் மினி பிரியர்கள்.

ஆக, மினிக்கு ஒரே ஒரு ஒரிஜினல் கிடையாது. உங்கள் காரின் வருஷம்தான் அதை முடிவு செய்யும். அடியில் பக்கத்துக்கு ஒன்றாக முன்னிருந்து பின்னுக்கு குழாய் ஓடுதா, ஷாக் அப்சார்பர் இல்லையா... அது வெட். குழாய் இல்லாமல், ரப்பர் கூம்பும் ஷாக் அப்சார்பரும் இருந்தால் டிரை. 1966 மாடல் சலூன் கார் ஷாக் அப்சார்பரோடு நின்றால், நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். அதுவே வேன், பிக்கப் என்றால் சந்தேகப்படாதீங்க, அவற்றுக்கு ஹைட்ரோலாஸ்டிக் வரவே இல்லை. ரப்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டீல் சுருள் இருந்தால், எந்த வருஷமானாலும் அது பிற்காலச் சேர்க்கைதான்.

1969-ல் சர் பட்டம், 1971-ல் ஓய்வு, 1988-ல் பர்மிங்ஹாமில் மரணம். மினியோ அவருக்குப் பிறகும் 2000 வரை தயாரானது. மொத்தம் 50 லட்சத்துக்கும் மேல்!

பழைய பாகம் என்பது அந்த மனுஷர் யோசித்த தடம். அதனால கழற்றுறதுக்கு முன்னாடி போனை எடுத்து நாலு பக்கமும் போட்டோ எடுங்க. எந்தப் பக்கத்துப் பாகம் என்று சீட்டு எழுதிக் கட்டுங்க. புதுசு மாட்டி, கார் ஓடுற வரைக்கும் பழசைக் காயலான் கடைக்குப் போடாதீங்க!