ஆம்பியர் வீட்டில் தங்கிய மாணவர்

மின்னோட்டத்தை அளக்கும் ஆம்பியர் என்ற அலகை அறியாதவர் நம்மில் யார்? இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அம்மீட்டரின் முள்ளைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போனவர்கள்தானே நாம்! அந்த அலகுக்குப் பெயர் தந்த பிரெஞ்சு விஞ்ஞானி ஆந்த்ரே மாரி ஆம்பியரின் பாரிஸ் வீட்டில், 1831-ஆம் ஆண்டின் இறுதியில், சட்டம் படிக்க வந்த 18 வயது மாணவர் ஒருவர் தங்கினார். பெயர் பிரெடரிக் ஓசானாம்.

மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தாருங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டதும் எனக்கு இவர் நினைவுதான் வந்தது. நல்ல காரியம் என்றாலே, முதலில் படிப்பு முடியட்டும், பிறகு வேலை, பிறகு வீடு, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் தள்ளிப் போடுகிறோம். ஓசானாம் தள்ளிப் போடவில்லை. தம் வாழ்வின் பெரிய காரியத்தை மாணவராக இருக்கும்போதே தொடங்கிவிட்டார்.

1813 ஏப்ரல் 23 அன்று இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தார். தகப்பனார் மருத்துவர். வீட்டில் பிறந்த குழந்தைகள் 14 பேர். பிழைத்து வளர்ந்தவர்களோ மிகச் சிலர். அவர் சிறு பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் பிரான்சின் லியோன் நகருக்குத் திரும்பியது. லியோன் பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். ஊருக்கெல்லாம் பட்டு நெய்தவர்கள் அரை வயிற்றோடு கிடந்தார்கள். ஓசானாம் பாரிசுக்குப் போன அதே 1831-இல், கூலி போதாமல் அந்த நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1834-இல் மீண்டும் எழுந்தார்கள். இரண்டு முறையும் ராணுவம்தான் வந்தது. இவை அவர் மனதைவிட்டு அகலவே இல்லை.

பாரிசில் அவருக்கு வேறொரு சோதனை காத்திருந்தது. அன்றைய பல்கலைக்கழக வட்டாரத்தில் கடவுள் நம்பிக்கை என்றாலே கேலிதான். இவருக்கும் அவ்வப்போது ஐயங்கள் வந்து அலைக்கழித்தன. அப்படி ஒருநாள் கோவிலுக்குள் நுழைந்தபோது, ஒரு மூலையில் ஆம்பியர் மண்டியிட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்ததைக் கண்டு மனம் தேறினார் என்று சொல்வார்கள். அவ்வளவு பெரிய மேதையின் பணிவு அவரைத் தொட்டிருக்கிறது!

அடுத்த ஆண்டு, 1832-இல், பாரிசைக் காலரா தாக்கியது. 18,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஏழைகளின் நெருக்கமான சந்துகளில்தான் நோய் வெறியாட்டம் போட்டது.

அந்த நாட்களில் ஓசானாமும் நண்பர்களும் ஒரு விவாத மன்றம் நடத்திவந்தார்கள். சரித்திரம், தத்துவம், சமயம் என்று எல்லாம் பேசுவார்கள். எதிர்க் கட்சி மாணவர்களும் வருவார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவர், திருச்சபை அந்தக் காலத்தில் செய்ததெல்லாம் சரி, இன்று நீங்கள் ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று நறுக்கென்று கேட்டுவிட்டார். நம்மில் பலர் இதற்கு ஒரு பதில் பேச்சு தயாரித்திருப்போம். ஓசானாமுக்கோ கேள்வி நியாயம் என்று பட்டது.

1833 ஏப்ரல் 23. அன்று அவருக்கு 20 வயது நிறைந்தது. ஆறு மாணவர்களும், எம்மானுவேல் பாயி என்ற பத்திரிகையாளரும், பத்திரிகை அலுவலகத்தில் கூடினார்கள். மொத்தம் ஏழே பேர். ஏழைகளின் வீட்டுக்கு நேரில் போவது என்று முடிவாயிற்று. ஆனால் எந்த வீட்டுக்கு? போய் என்ன பேசுவது? ஒன்றும் தெரியாது. மூஃப்தார் என்ற ஏழைப் பகுதியில் பல ஆண்டுகளாகத் தொண்டாற்றிவந்த ரோசலி ரெந்து என்ற கன்னியாஸ்திரியிடம் போனார்கள். அவர்தான் குடும்பங்களைக் காட்டிக் கொடுத்தார். எப்படிப் பழக வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார். படித்த பிள்ளைகள் அனுபவஸ்தரிடம் பணிந்து தொழில் கற்றார்கள் என்றே சொல்லலாம்.

அவர்கள் வகுத்துக்கொண்ட முறையைப் பாருங்களேன். வாரம் ஒரு கூட்டம். வீடு பார்க்கப் போவது இருவர் இருவராக. கூட்ட முடிவில் ஒரு பை சுற்றிவரும். யார் எவ்வளவு போட்டார் என்பது யாருக்கும் தெரியாது. கட்டடம் வேண்டாம், பெரிய மூலதனம் வேண்டாம், எந்த ஊரிலும் அப்படியே நடத்தலாம். இயந்திரங்களோடு பிழைப்பு நடத்துகிற எனக்கு இந்த எளிமைதான் வியப்பு. பாகங்கள் குறைவாக உள்ள இயந்திரம்தான் நீண்ட நாள் ஓடும்.

அந்தக் குழுவே பின்னர் புனித வின்சென்ட் தே பவுல் சபை என்று பெயர் பெற்றது. 1834 முடிவதற்குள் ஏறத்தாழ 100 பேர் சேர்ந்துவிட்டார்கள். குழுவைப் பிரித்தால்தான் வளரும் என்றார் ஓசானாம். நண்பர்களோ பிரிய மனமில்லாமல் கடுமையாக எதிர்த்தார்கள். கூட்டத்தில் கண்ணீரே வந்துவிட்டது. கடைசியில் 1835-இல் பங்குக் கோவில் வாரியாகப் பிரிந்தார்கள். அன்று அவர்கள் நட்பைக் காப்பாற்ற ஒரே அறையில் உட்கார்ந்திருந்தால், பாரிசோடு கதை முடிந்திருக்கும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இவ்வளவு செய்த ஓசானாம் அந்தச் சபையின் உலகத் தலைவராக ஒருநாளும் இருந்ததில்லை.

படிப்பிலும் அவர் குறை வைக்கவில்லை. சட்டத்தில் முனைவர் பட்டம். 1839-இல் கவிஞர் தாந்தே பற்றிய ஆய்வுக்கு இலக்கியத்திலும் முனைவர் பட்டம். 1841-இல் அமேலி என்ற மங்கையை மணந்தார். 1845-இல் மாரி என்ற மகள் பிறந்தாள். 1844-இல் சார்போன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

லியோனில் வணிகச் சட்டம் நடத்தியபோது அவர் கூலியைப் பற்றிச் சொன்னவை இன்றும் நாம் படிக்க வேண்டியவை. உழைப்பவனின் கூலி அவன் பிழைக்கவும், பிள்ளைகளைப் படிக்க வைக்கவும், முதுமையில் கஞ்சி குடிக்கவும் போதுமானதாக இருக்க வேண்டும். தொழிலாளியை வெறும் கருவியாக நடத்துவது சுரண்டல் என்றார். காரல் மார்க்சின் கம்யூனிஸ்ட் அறிக்கை வெளிவர இன்னும் பல ஆண்டுகள் இருந்த காலம் அது!

1848-இல் பாரிசில் மீண்டும் புரட்சி. ஓசானாம் நண்பர்களோடு சேர்ந்து பத்திரிகை நடத்தி, ஏழை மக்கள் பக்கம் நில்லுங்கள் என்று திருச்சபைக்கு எடுத்துச் சொன்னார். ஜூன் மாதம் தெருவெல்லாம் ரத்தம். பேராயர் ஆஃப்ர் நேரில் போய்ச் சமாதானம் பேசினால் சண்டை நிற்கும் என்று யோசனை சொன்னவர்களில் ஓசானாமும் ஒருவர். பேராயர் போனார், ஜூன் 25 அன்று குண்டடி பட்டார், இரண்டு நாளில் உயிர் நீத்தார். அதற்குப் பிறகும் ஓசானாம் ஏழைகளைக் கைவிடவில்லை. காயத்துக்குக் கட்டுப் போடுவது அன்பின் வேலை, காயப்படுத்துகிற அடியையே நிறுத்துவது நீதியின் வேலை, இரண்டும் வேண்டும் என்பதே அவர் கொள்கையின் சாரம்.

உடல்நலம் கெட்டு, 1853 செப்டம்பர் 8 அன்று மார்செய் நகரில் காலமானார். வயது 40தான். 1997 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸ் நோத்ர்-தாம் பேராலயத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளர் என்று அறிவித்தார். வழிகாட்டிய ரோசலி அம்மையாருக்கும் 2003-இல் அதே சிறப்புக் கிடைத்தது.

ஏழு பேர் தொடங்கிய சபை இன்று சுமார் 150 நாடுகளில் உள்ளது. நம் தமிழ்நாட்டுப் பங்குக் கோவில்கள் பலவற்றிலும் இருக்கிறது. உதவி பெற வருகிறவரின் மதம் என்ன என்று அது கேட்பதில்லை. தனியே கிடக்கும் முதியவரை வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பது, உதவித்தொகை மனு எழுதிக் கொடுப்பது, பள்ளிப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது, பெரியாஸ்பத்திரியில் எங்கே போவதென்று தெரியாமல் நிற்பவருக்குத் துணையாக வரிசையில் நிற்பது... மாணவத் தம்பி தங்கைகளே, இவற்றுக்குப் பணம் வேண்டாம், நேரம் போதும். முன்னாள் மாணவர்களாகிய நமக்கு இன்னொரு கடமையும் உண்டு. நம்மில் பலர் நாலு பேருக்கு வேலை கொடுக்கிற நிலையில் இருக்கிறோம். நம் பணியிடத்தில் கூட்டுகிறவருக்கும் சுமை தூக்குகிறவருக்கும் நாம் கொடுக்கும் கூலி, ஓசானாம் சொன்ன கணக்குக்குச் சரியாக வருகிறதா என்று பார்ப்போம். உணவுப் பொட்டலம் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்வதைவிட அது கடினம்தான். ஆனால் அந்த மாணவர் கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் அங்கேதான் தொடங்குகிறது.