பாரி தாமஸும் மணலுட் புதைந்த மோட்டாரும்

பழைய மோட்டார் வண்டிகளைத் தேடிப் பிடித்து, பழுது நீக்கி, தம் மனம் விரும்பியவாறு மாற்றியமைத்து, ஓட்டியும் பிறர்க்குக் காட்டியும் மகிழ்வார் ஒரு கூட்டத்தார் பல நாடுகளிலும் உளர். இவர்தம் ஊக்கத்தைக் கண்டு நகைப்பாரும் உளர். துருவேறிய இரும்பின்பொருட்டு இத்துணைக் காலமும் பொருளும் செலவிடுதல் பேதைமை என்பது அவர் துணிபு. அவரோடு வாதிட நாம் முற்படவில்லை. பிறர் கைவிட்டதொரு வண்டியை வாங்கித் திருத்தி, அதனால் உலகப் புகழும் அதனாலேயே மரணமும் எய்திய ஒருவருடைய வரலாற்றையும், அவர் இறந்த 42 ஆண்டுகட்குப் பின் அவ்வண்டிக்கு நேர்ந்ததையும் மட்டும் ஈண்டுக் கூறுவோம்.

ஜான் காட்பிரே பாரி தாமஸ் என்பார் 1884-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 6-ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் வடபாலுள்ள ரெக்ஸம் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஆங்கிலத் திருச்சபையில் குருவானவர். பிள்ளைக்கு ஐந்து வயதாகுங்கால் குடும்பம் எல்லையைக் கடந்து ஆஸ்வெஸ்ட்ரி என்னும் ஊரிற் குடியேறிற்று. பள்ளிப்படிப்பு அங்கே முடிந்தது. பின்னர் லண்டன் மாநகரில் சிட்டி அண்டு கில்ட்ஸ் கல்லூரியில் எஞ்சினீயரிங் பயின்றார். குருவானவர் வீட்டுப் பிள்ளைக்கு வேதநூலினும் இயந்திரத்தின்பால் நாட்டம் மிகுதியாயிருந்தது போலும். கல்லூரியை விட்ட சில ஆண்டுகளுக்குள்ளாகவே, பெட்ரோல் எஞ்சினின் ஆற்றலை மின்சாரத்தின் வாயிலாகச் சக்கரங்கட்குச் செலுத்தும் முறையொன்றை வகுத்து, அதற்கு உரிமைச் சாசனமும் பெற்றார். அம்முறை பஸ்களிலும் டிராம் வண்டிகளிலும் இருப்புப்பாதை வண்டிகளிலும் சோதித்துப் பார்க்கப்பட்டது.

முதல் உலக யுத்த காலத்தில் லேலண்ட் மோட்டார்க் கம்பெனியின் தலைமை எஞ்சினீயர் ஆயினார். லாரிகளுக்குப் பெயர்போன அக்கம்பெனியார், யுத்தம் முடிந்ததும், உலகில் இதனினும் சிறந்தது இல்லை எனத்தக்க கார் ஒன்று செய்தல் வேண்டுமென விழைந்து, அப்பொறுப்பை இவரிடமே விட்டனர். செலவைப்பற்றிக் கவலற்க என்று சொல்லிவிட்டால் ஓர் எஞ்சினீயருக்கு வேறென்ன வேண்டும்? எட்டுச் சிலிண்டர்களை ஒரே வரிசையில் நிறுத்தி, வால்வுகளை மூடுதற்குச் சுருள்வில்லை விடுத்துத் தகட்டு வில்லை அமைத்து, ஏறக்குறைய 7 லிட்டர் கொள்ளளவுடைய எஞ்சினை ஆக்கினார். 1920-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் லேலண்ட் எட்டு என்னும் அவ்வண்டி வந்து நின்றபோது கண்டோர் அனைவரும் வியந்தனர். விலையைக் கேட்டவரோ மெல்ல நழுவினர். இருபதுக்கும் குறைந்த வண்டிகளே செய்யப்பட்டன. அவற்றுட் சில பாட்டியாலா மகாராஜாவின் அரண்மனைக்கு வந்தன. அயர்லாந்துத் தலைவர் மைக்கேல் காலின்ஸ் 1922-இல் பகைவர் மறைந்திருந்து சுட்டதில் உயிர் துறந்த அன்று ஏறிச் சென்றதும் ஒரு லேலண்ட் எட்டே.

வாங்குவார் இன்மையின் கம்பெனி அக்காரைக் கைவிட்டது. ஆனால் அதைச் செய்தவர் கைவிடவில்லை. அதன் தகுதியை ஓட்டத்தினாலேயே காட்டுவதெனத் துணிந்து, 1922-இல் புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையில் தாமே அதை ஓட்டலானார். அடுத்த ஆண்டில் உயர்ந்த உத்தியோகத்தைத் துறந்து வெளியேறினார். அப்போது அவருக்கு வயது 39. பிற பந்தய வீரர் ஓய்வு பெற எண்ணும் வயதில் இவர் தொடங்கினார் என்பது நம் மாணவர் கருதத்தக்கது.

புரூக்லண்ட்ஸ் என்பது லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே கோட்டத்தில், 1907-ஆம் ஆண்டில் மோட்டார் ஓட்டத்திற்கென்றே கான்கிரீட்டாற் சமைக்கப்பட்ட வட்டப் பாதையாகும். சுற்றளவு 2¾ மைல். வளைவுகளிற் பாதை மதில் போற் சரிந்து உயர்ந்து நிற்கும். வேகம் மிக மிக வண்டி அச்சரிவின் மேல் விளிம்பை நோக்கி ஏறும். அப்பாதையின் எல்லைக்குள்ளேயே ஒரு சிறு வீட்டில் பாரி தாமஸ் வாழ்ந்தார். மணம் செய்துகொள்ளவில்லை, நாய்கள் சில துணையிருந்தன. கோடிழைத்த கம்பளிச் சட்டையொன்றை அணிந்து, கை முழுதும் எண்ணெய்க் கறையோடு பட்டறையில் நிற்பதே அவருடைய நித்தியக் கோலம். கூட்டத்தில் அதிகம் பேசாத இயல்பினர் என்பர்.

அந்நாளில் பெருவேகம் விரும்பினார் கண்ட ஓர் எளிய உபாயம் உண்டு. யுத்தம் ஓய்ந்தபின் ஆகாய விமான எஞ்சின்கள் மலிவாகக் கிடைத்தன. பழைய காரின் சட்டத்தை நீட்டி அதனுள் அத்தகையதொரு பேரெஞ்சினை அமர்த்திவிட்டால் வண்டி பறக்கும். அதனைத் திருப்புவதும் நிறுத்துவதும் ஓட்டுபவன் பாடு. எர்னஸ்ட் எல்ட்ரிட்ஜ் என்பார் ஒரு பழைய பியட் வண்டியில் 21 லிட்டருக்கு மேற்பட்ட விமான எஞ்சினைப் பொருத்தி, 1924-இல் பிரான்சு நாட்டின் பொதுச் சாலையொன்றில் மணிக்கு 146 மைல் சென்று உலகச் சாதனை நிறுவினார். 1925 ஜூலையில் அவருக்கும் பாரி தாமஸுக்கும் புரூக்லண்ட்ஸில் ஒற்றைக்கொற்றையாகப் பந்தயம் நிகழ்ந்தது. ஒருபால் மூன்று மடங்கு பெரிய விமான எஞ்சின்; மற்றொருபால் காருக்கென்றே கருதிச் செய்து, ஆண்டுதோறும் செப்பம் செய்யப்பட்ட லேலண்ட். மூன்று சுற்று ஓட்டம். முதலில் பியட்டே முந்திற்று. டயர்களின் மேற்பட்டைகள் கிழிந்து தெறித்தன. பாரி தாமஸ் விடாது பின்தொடர்ந்து, சரிவின் உச்சியருகே ஏறி, எல்ட்ரிட்ஜைக் கடந்து வென்றார். ஒரு சுற்றை மணிக்கு 129 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் முடித்தார். எஞ்சினின் பருமையை அறிவின் நுண்மை வென்றது என்று நாம் எழுதியிருப்போம். ஆயின் பின்னர் நிகழ்ந்தது அங்ஙனம் எழுதவொட்டாது தடுக்கின்றது. ஏனெனில் உலகச் சாதனைக்கென அவர் தேர்ந்ததும் ஒரு விமான எஞ்சின் வண்டியையே.

கான்டர்பரி நகரத்தருகே ஹையம் என்னும் மாளிகையில் லூயி ஸ்போரோவ்ஸ்கி என்ற செல்வப் பிரபு ஒருவர் வாழ்ந்தார். சிட்டி பாங் பாங் எனப் பெயரிட்ட விமான எஞ்சின் வண்டிகளைச் செய்தவர் அவரே. அப்பெயரே நெடுநாட் கழித்துக் குழந்தைகளின் கதைப்புத்தகம் ஒன்றில் ஏறிற்று. அவர் ஆக்கிய வண்டிகளுட் பெரியது ஹையம் ஸ்பெஷல் என்பது. அமெரிக்க விமானங்கட்கெனச் செய்யப்பட்ட, 12 சிலிண்டரும் 27 லிட்டர் கொள்ளளவும் உடைய லிபர்ட்டி எஞ்சின் அதனுள் இருந்தது. பழைய பென்ஸ் வண்டியின் கியர்ப்பெட்டியும், பின்சக்கரங்களைச் சுழற்றப் பக்கத்துக்கொரு சங்கிலியும் அமைந்திருந்தன. 1924 அக்டோபரில் இத்தாலி தேசத்து மான்சா பந்தயத்தில் பிரபு விபத்துற்று மாண்டார். கேட்பாரற்றுக் கிடந்த அவ்வண்டியைப் பாரி தாமஸ் 125 பவுனுக்கு வாங்கினார்.

வாங்கியதைப் பிரித்தார். தாமே வகுத்த புதிய பிஸ்டன்களைப் பொருத்தினார். நான்கு கார்புரேட்டர்களை அமைத்தார். காற்றைக் கிழிக்குமாறு உடலை மாற்றினார். பாப்ஸ் என்று செல்லப்பெயரும் இட்டார். இறந்த பிரபுவின் கைவண்ணத்தை அழிக்கின்றோமே என்ற தயக்கம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஓடவேண்டிய வண்டி ஓடுதற்கு ஏற்றவாறு மாறவேண்டும் என்பதே அவர் கொள்கையாதல் வேண்டும். ஆயின் ஒன்றனை மட்டும் மாற்றவில்லை. பக்கத்துச் சங்கிலிகள் அப்படியே இருந்தன.

தென் வேல்ஸ் கடற்கரையில் பெண்டைன் என்னும் சிற்றூருக்கு எதிரே ஏழு மைல் நீளத்திற்குக் கடல் வற்றிய மணல் பரந்து கிடக்கும். அலை பின்வாங்கிய சில மணி நேரமே அம்மணல் இறுகி நிற்கும். 1926 ஏப்பிரல் 27-ஆம் நாள் அங்கே பாப்ஸ் மணிக்கு 169 மைலுக்கு மேல் ஓடிற்று. மறுநாள் 171.02 மைல். எதிரெதிர்த் திசைகளில் இருமுறை ஓடி, அவற்றின் சராசரியைக் கொள்வது விதியாதலின், காற்றின் உதவி இதிற் சேராது. குருவானவர் மைந்தர் உலகில் நிலத்தின்மேல் மிக விரைந்து சென்றவர் ஆயினார்.

அப்பெருமை ஒன்பது திங்களுக்குச் சற்று மேலாக நிலைத்தது. 1927 பிப்ரவரி 4-ஆம் நாள், அதே பெண்டைன் மணலில், மால்கம் காம்பெல் தம் புளூபேர்டு வண்டியில் மணிக்கு 174 மைலுக்கு மேற்சென்றார். அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் டேட்டோனா கடற்கரையில் சீகிரேவ் என்பார் 200 மைலைக் கருதி ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். காலம் குறுகிற்று. பாரி தாமஸ் காய்ச்சலினின்று முற்றும் தேறாத நிலையில் மார்ச்சு மாதத் தொடக்கத்திற் பெண்டைன் சேர்ந்தார். 3-ஆம் நாள் பாப்ஸ் மணலில் இறங்கிற்று. மிகுவேகத்தில் ஓடுகையில் வண்டி நிலைதவறிப் புரண்டது. ஓட்டியவர் தலையிற் பட்ட கொடுங்காயத்தால் அக்கணமே உயிர் நீத்தார். நில வேகச் சாதனையின் பொருட்டு உயிர் கொடுத்தவருள் அவரே முதல்வர். 43 வயது நிறைய ஒரு மாதமே இருந்தது. அம்மாத இறுதியில் சீகிரேவ் டேட்டோனாவில் 203 மைலைக் கடந்துவிட்டார். பாரி தாமஸ் அன்று வென்றிருந்தாலும் அச்சாதனை நான்கு வாரமே நின்றிருக்கும்.

வேட்டியின் கரையைச் சைக்கிள் சங்கிலி கவ்விக்கொண்ட அநுபவம் நம்மிற் பலர்க்கு உண்டு. நானூறு குதிரைச் சக்தியைச் சுமந்து சுழலும் சங்கிலி அறுந்தால் என்னாகும் என்று எண்ணிப் பார்க்கலாம். சிதைந்த வண்டியின் வலப்பக்கச் சங்கிலி அறுந்து கிடந்ததைக் கண்டோர், அதுவே அவரை வெட்டிற்று என்று முடிவு செய்தனர். பத்திரிகைகளும் அங்ஙனமே பரப்பின. தாம் மாற்றாது விட்ட ஒன்றே தம்மைக் கொன்றது என்னும் கதை பாரி தாமஸின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

அவர் உடலை புரூக்லண்ட்ஸுக்கு அணித்தாகிய பைப்ளீட் ஊர்த் திருக்கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தனர். வண்டியையும் அடக்கம் செய்தனர்! கருவிகளின் கண்ணாடிகளை உடைத்து, ஆசனத்தைக் கிழித்து, இனி எவரும் இதனை விரும்பாதவாறு ஆக்கி, பெண்டைன் மணல்மேட்டில் ஆழக் குழிதோண்டி இறக்கி மூடினர். பின்னர் அவ்விடம் ராணுவத்தாரின் ஆயுதச் சோதனை நிலமாயிற்று. அவரிடம் பணிபுரிந்த ரீட் ரெயில்ட்டன் என்னும் இளைஞர் பிற்காலத்தில் ஜான் காப் என்பாருக்கு ஒரு வண்டி வகுத்தார். அது 1947-இல் தன் ஓட்டங்களுள் ஒன்றில் மணிக்கு 400 மைலையும் கடந்தது. பாப்ஸ் அதுகாறும் மணலுக்குள்ளேயே கிடந்தது.

1969-இல் வட வேல்ஸைச் சார்ந்த பாங்கர் தொழிற்கல்லூரியின் ஆசிரியர் ஓவன் வின் ஓவன் என்பார் அதைத் தோண்டியெடுக்க முன்வந்தார். சிலர் அதை ஒப்பவில்லை. புதைத்தோர் காரணமின்றிப் புதைக்கவில்லை. நண்பரைக் கொன்ற பொருளைக் கண்காட்சிக்கு வைத்தல் தகுமோ என்ற வினாவை எளிதில் ஒதுக்கிவிடல் இயலாது. நாமும் முதலில் அவ்வினாவின் பக்கமே சாய்ந்தோம். எனினும் ஓவன் இசைவு பெற்றுத் தோண்டினார். வெளிவந்தது உப்பு நீரால் அரிக்கப்பட்ட இரும்புக் குவியல். பத்தாண்டுக்கு மேலாக ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றித் துடைத்து, எஞ்சியவற்றைக் காத்து, அழிந்தவற்றைப் புதிதாக ஆக்கிப் பொருத்தினார்.

அந்நெடிய உழைப்பினிடையே வண்டி தன் சாட்சியைச் சொல்லத் தொடங்கிற்று. சிதைவின் தன்மையை நுணுகி நோக்கிய ஓவன், வலப்பின் சக்கரமே முதலில் உடைந்து, அதனால் வண்டி சாய்ந்து புரண்டிருத்தல் வேண்டும் என்று கருதினார். அறுந்த சங்கிலி விபத்தின் விளைவேயன்றிக் காரணம் அன்று என்னும் கொள்கை அதன்பின் வலுப்பெற்றது. நாற்பதாண்டுகளாக எவரும் ஐயுறாத கதையொன்று மணலுக்கடியிலிருந்து வந்த இரும்பால் ஐயத்துக்கு உரியதாயிற்று. புதைகுழியைத் திறவாதிருந்தால் இது விளங்கியிராது என்று எண்ணியபோது நம் கருத்தும் மாறிற்று.

இனி ஒன்று. பிரபு செய்த ஹையம் ஸ்பெஷலைப் பாரி தாமஸ் தம் விருப்பப்படி மாற்றினார். ஓவனோ பாரி தாமஸ் விட்டுச் சென்ற கோலத்திற்கே அதை மீட்க முயன்றார். ஒரு மரையாணியையும் தம் விருப்பத்திற்கு மாற்ற நினைத்தவர் அல்லர். இவ்விருவருள் வண்டியின்பால் பேரன்புடையார் எவர் என்று தீர்ப்புக் கூறல் அரிது. பழைய வண்டி ஆர்வலர் கூட்டங்களில் இன்றளவும் இப்பூசல் ஓய்ந்தபாடில்லை.

மீண்டெழுந்த பாப்ஸ் பெண்டைன் ஊர்க் காட்சிசாலையிலும் புரூக்லண்ட்ஸ் காட்சிசாலையிலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பெற்று வந்துள்ளது. சிலகால் அதை வெளிக்கொணர்ந்து எஞ்சினை முடுக்கி ஓட்டிக் காட்டியும் உள்ளனர். அப்போது 12 சிலிண்டர்களும் ஒருங்கே முழங்க, புகைக்குழல்களினின்று நெருப்பு நாக்கு நீட்ட, காண வந்த சிறுவர் செவிகளைப் பொத்திக்கொண்டு ஓரடி பின்வாங்கி நிற்பர்.