டாக்டர் மாண்டிசோரி அம்மையார்

விஜயதசமியன்று குழந்தையை மடியில் இருத்தி, தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் அதன் விரலைப் பிடித்து எழுத வைப்பது இங்கே மட்டாஞ்சேரியிலும் உள்ள வழக்கந்தான். என் பேத்திக்கும் மூன்றாவது வயதில் செய்தோம். சில நாட்களிலேயே அவள் போகும் பாலர் பள்ளியிலிருந்து நாலு கோடு நோட்டு வந்தது. ஒரு பக்கம் நிறைய 'ஏ' எழுதி அனுப்ப வேண்டுமாம். பென்சிலை இறுகப் பிடிக்கவே பலமில்லாத குழந்தை அழுதாள். சர்க்கார் உத்தியோகத்தில் கெடு தேதி பார்த்தே பழகிய நானும் அதட்டிவிட்டேன். அந்தப் பள்ளியின் பெயர்ப் பலகையில் மாண்டிசோரி என்ற சொல் பெரிதாக இருக்கிறது. அந்த அம்மையார் உண்மையில் என்னதான் சொன்னார் என்று படிக்க இதுவே காரணமாயிற்று.

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியில் கியாரவல்லே என்ற ஊரில் பிறந்தார். 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அங்கே பெண்கள் டாக்டருக்குப் படிப்பது அபூர்வமாக இருந்த காலம் அது. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பார்க்கப் போனவர், இவர்களுக்கு மருந்தைவிடக் கல்விதான் தேவை என்று கண்டார். பிறகு 1907 ஜனவரி 6 அன்று, ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில், வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்காகக் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் திறந்தார்.

விஞ்ஞானம் படித்தவன் என்பதால் அவருடைய முறை எனக்குப் பிடித்துப் போயிற்று. ஆசிரியை முதலில் கற்பிப்பதில்லை, கவனிக்கிறார். எந்தக் குழந்தை எதை எடுத்தது, எவ்வளவு நேரம் அதில் ஆழ்ந்திருந்தது, எங்கே தடுமாறியது என்று பார்த்து வைத்துக்கொண்டுதான் அடுத்த பாடத்தைத் தீர்மானிக்கிறார். பாடமும் பெரும்பாலும் ஒரு குழந்தைக்கு மட்டும், மிகச் சில வார்த்தைகளில். நிறம் கற்பிப்பதாக வைத்துக்கொள்வோம். சிவப்பு, நீலம் என்று இரண்டே அட்டைகளைக் காட்டிப் பெயர் சொல்வது முதல் படி. சிவப்பை எடுக்கச் சொல்வது இரண்டாவது. இது என்ன என்று கேட்பது மூன்றாவது. குழந்தை தவறாக எடுத்தால் திருத்தக்கூடாது, கடியவும் கூடாது. இன்றைக்கு நேரம் வரவில்லை என்று அட்டைகளை எடுத்து வைத்துவிட்டு வேறொரு நாள் தொடங்க வேண்டும். நான் அதட்டியது இந்த இடத்தில் நினைவுக்கு வந்தது.

சாதனங்களும் அப்படியே. ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரை பக்கமுள்ள பத்து மரக் கட்டைகளைக் குழந்தை கோபுரமாக அடுக்குகிறது. கடைசிக் கட்டையின் கன அளவு முதலாவதைப் போல் ஆயிரம் மடங்கு! அந்தக் கணக்கு பின்னால் வரட்டும். கைக்கு இப்போதே தெரிந்துவிடுகிறது. பென்சிலுக்கு முன்னால் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவி, அதன் ஒலியைக் கேட்கிறது. அரிசியிலும் மணலிலும் விரலால் எழுதிப் பழகிய நமக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை.

இவ்வளவு செய்தவரின் சொந்த வாழ்க்கையில் ஒரு பெருந்துக்கம் இருந்தது. 1898-ல் அவருக்கு மரியோ என்ற மகன் பிறந்தான். மணமாகாத தாய் என்பதால் குழந்தையைக் கிராமத்தில் வேறொரு குடும்பத்தில் வளர விட்டார். ஏறத்தாழ பதினைந்து வயதில்தான் மகன் தாயிடம் வந்து சேர்ந்தான். அதற்குப் பிறகும் ஊராருக்கு அவன் உறவுப் பையன், வளர்ப்பு மகன் என்றே அறிமுகம். இதைக் குறை சொல்லும் தகுதி நமக்கு இல்லை என்று நினைக்கிறேன்.

முசோலினியோடு ஒத்துப்போகாமல் 1934-ல் இத்தாலியை விட்டு வெளியேறினார். 1939 நவம்பரில், தியாசாபிகல் சொசைட்டியின் ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி தம்பதியின் அழைப்பில், மரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். அப்போது வயது 69. ஓலைக் கொட்டகைகளில் சுமார் 300 பேருக்குப் பயிற்சி நடந்தது. அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொல்வார். 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் குதித்ததும் இருவரும் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்கள். மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையார் அடையாறை விட்டு நகரக்கூடாது என்று உத்தரவு. ஆகஸ்ட் 31, அவருடைய எழுபதாவது பிறந்த நாளன்று வைஸ்ராய் மரியோவை விடுதலை செய்தார். அதைத் தெரிவித்த தந்தியில் மரியோவை அவருடைய மகன் என்றே குறிப்பிட்டிருந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் வெளியே சொல்ல முடியாதிருந்த உறவு, சர்க்கார் காகிதத்தில் வந்து சேர்ந்தது. ஒரு பிறந்த நாள் பரிசாக இதைவிட என்ன வேண்டும்?

யுத்த காலத்தில் கொடைக்கானலில் சிறிய பள்ளி நடத்தினார். அகமதாபாத், கொழும்பு எங்கும் பயிற்சி கொடுத்தார். 1946-ல் ஐரோப்பா திரும்பி, மறு வருஷமே மீண்டும் வந்தார். குழந்தை மனத்தைப் பற்றிய அவருடைய முக்கியமான நூல் ஒன்று 1949-ல் அடையாறில்தான் அச்சாயிற்று. 1952 மே 6 அன்று ஹாலந்தில் காலமானார்.

போன வாரம் ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் வாங்கி வந்து 'அ' வெட்டி அட்டையில் ஒட்டினேன். பள்ளியில் மலையாளமும் இங்கிலீஷும். தமிழ் எங்கள் வீட்டோடு சரி. பேத்தி இரண்டு தரம் தடவிப் பார்த்தாள், கரகரவென்று இருக்கிறது தாத்தா என்று சிரித்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். அட்டையை எடுத்து வைத்திருக்கிறேன்.