வாய்ப்புகளை அளந்தவர்

ஒரு பகடையை இருமுறை உருட்டினால் ஒருமுறையேனும் ஒன்று என்னும் எண் விழுவதற்கான நிகழ்தகவு என்ன? நிகழ்தகவுப் பாடத்தைத் தொடங்கும் மாணவர் எவரும் எதிர்கொள்ளும் எளிய வினா இது. 1/6 உடன் 1/6 ஐக் கூட்டி 1/3 என விடை எழுதுவோர் பலர். இருமுறையும் ஒன்றே விழும் நிகழ்ச்சி அக்கூட்டலில் இரண்டு தடவை எண்ணப்பட்டுவிடுகிறது. மொத்த விளைவுகள் 36, ஒன்று அறவே விழாதவை 25, எஞ்சுவன 11. ஆகவே 11/36 என்பதே சரியான விடை. இக்கணக்கைத் தொடக்கநிலைப் பயிற்சியாகத் தம் நூலில் அமைத்தவர் ஆபிரகாம் டி மாய்வர். கலப்பெண்களைப் பற்றிய தேற்றம் ஒன்று அவர் பெயரால் வழங்குகிறது. அவர் பிழைப்பு நடத்தியதோ பெரிதும் இத்தகைய சிறு கணக்குகளைக் கொண்டுதான்.

டி மாய்வர் 1667ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் விட்ரி என்னும் ஊரில் ஓர் அறுவை மருத்துவரின் மகனாகப் பிறந்தார். அவர் குடும்பம் புராட்டஸ்டண்டு சமயத்தைச் சார்ந்தது. சோமூர் நகரில் தருக்கம் பயின்ற நாள்களில், சூதாட்டக் கணக்குகளைப் பற்றி ஹைகன்ஸ் எழுதிய சிறுநூல் அவர் கைக்குக் கிட்டியது. பாடத்திட்டத்தில் இல்லாத அந்நூலைத் தாமாகவே படித்தார். 1685இல் பதினான்காம் லூயி மன்னர், புராட்டஸ்டண்டு மக்களுக்கு வழிபாட்டுரிமை அளித்திருந்த நாந்து அரசாணையை நீக்கினார். பதினெட்டு வயது இளைஞரான டி மாய்வர் சிறைப்பட்டார். விடுதலைக்குப்பின் இலண்டனுக்குப் புலம்பெயர்ந்தார். தாய்நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை.

இலண்டனில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்கும் தனியாசிரியராக வாழ்ந்தார். ஒரு வீட்டில் நியூட்டனின் பிரின்சிபியாவைக் கண்டு புரட்டியபோது, தாம் கற்றது எத்துணைச் சிறிது என்பது அவருக்குப் புலனாயிற்று. நூலை வாங்கித் தாள் தாளாகக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு மாணவர் வீட்டிலிருந்து மற்றொரு மாணவர் வீட்டுக்கு நடக்கும் இடைவேளைகளில் படித்து முடித்தார். நூலைக் கிழிப்பது போற்றத்தக்க செயலன்று. எனினும் நேரமின்மை அவரை அவ்வாறு செய்வித்தது. பின்னாளில் நியூட்டன் அவருக்கு நண்பரானார். தம்மிடம் ஐயம் கேட்டு வந்தோரை நியூட்டன் டி மாய்வரிடம் அனுப்பிவைத்தார் என்றும் சொல்வதுண்டு.

1697இல் இராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. பல்கலைக்கழகப் பதவி மட்டும் கிட்டவில்லை. லைப்னிட்ஸ் போன்றோர் முயன்றும் பயனில்லை. அயல்நாட்டார் என்பதே பெருந்தடையாக நின்றது. முதுமையிலும் அவர் தெருத்தெருவாக நடந்து பாடம் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்லாட்டர் காப்பிக்கடையில் அமர்ந்து, பந்தயம் கட்டுவோர் கொண்டுவரும் வினாக்களுக்கு விடை கூறியும் பொருள் ஈட்டினார். இரண்டு பகடைகளிலும் ஒன்றே விழவேண்டுமெனில் எத்தனை முறை உருட்டினால் வெற்றி வாய்ப்பு பாதியைத் தாண்டும் என்பது அவர் நூலில் உள்ள வினாக்களுள் ஒன்று. 24 முறை போதாது, 25 வேண்டும் என்பது விடை. இத்தகைய கணக்குகளைத் திரட்டி, வாய்ப்புகளின் கோட்பாடு என்னும் பொருளில் தலைப்பிட்டு 1718இல் ஆங்கில நூலாக வெளியிட்டார்; அதனை நியூட்டனுக்கே உரிமையாக்கினார். ஆயுள் உள்ளளவும் பெறும் ஆண்டுத்தொகையின் மதிப்பைக் கணக்கிடும் நூல் 1725இல் வந்தது. மக்களின் எண்ணிக்கை வயது ஏற ஏறக் கூட்டுத்தொடராகக் குறைந்து 86இல் முடிவதாக அதில் எளிமையாகக் கொண்டார்.

அவர் ஆய்வின் உச்சம் ஒரு நாணயக் கணக்கிலிருந்து எழுந்தது. நாணயத்தைச் சில முறை சுண்டினால் ஈருறுப்புக் கெழுக்களைக் கொண்டு நிகழ்தகவை எளிதில் காணலாம். ஆயிரக்கணக்கான முறை சுண்டினால் அவ்வெண்களைப் பெருக்கி முடிக்க வாழ்நாள் போதாது. இதற்குத் தோராய வழி ஒன்றைத் தேடிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் சிந்தித்தார். தேவைப்பட்ட மாறிலி ஒன்று வட்டத்தோடு தொடர்புடையது என ஜேம்ஸ் ஸ்டெர்லிங் கண்டுசொன்னார். அவ்வுதவியை டி மாய்வர் மறைக்காமல் பதிவு செய்தார். 1733 நவம்பரில், ஏழு பக்கமளவிலான இலத்தீன் சிற்றேட்டில் விடையை அச்சிட்டு நண்பர் சிலருக்கு வழங்கினார். 3600 முறை சுண்டினால் தலைகள் 1770 முதல் 1830 வரை அமைவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 0.68 என்றது அம்முறை. விலக்கம் சுண்டும் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே வளர்கிறது என்பதும் அதனால் தெளிவாயிற்று. இன்று இயல்நிலைப் பரவல் எனப்படும் மணிவடிவ வளைகோட்டின் முதல் தோற்றம் அச்சிற்றேடே. பின்வந்த காஸின் பெயரை உலகம் அவ்வளைகோட்டுக்குச் சூட்டியது. டி மாய்வருக்கு அது நேர்ந்த முறையான நீதியன்று.

அவர் மணம் புரியவில்லை. இறுதி மாதங்களில் பெரும்பொழுது உறக்கத்திலேயே கழிந்தது. நாள்தோறும் கால் மணிநேரம் கூடுதலாக உறங்குவதைக் கவனித்து, தொகை இருபத்து நான்கு மணி ஆகும் நாளைத் தம் இறப்பு நாளாகக் கணித்தார் என்றொரு கதை உண்டு. கூட்டுத்தொடரை விரும்பிய ஒருவருக்குப் பிறர் புனைந்த அணியாகவே அதனைக் கொள்ளலாம். 1754இல், அவர் பிறந்த நாட்டின் பாரிசு அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. அவ்வாண்டு நவம்பர் 27ஆம் நாள், 87ஆம் வயதில், இலண்டனில் காலமானார். அவர் திருத்தி வைத்திருந்த மூன்றாம் பதிப்பு 1756இல் வெளிவந்தது. அதன் முன்னுரைப் பகுதியில் அந்த 11/36 கணக்கும் இருந்தது.