பாலைவனச் சிங்கம் உமர் முக்தார்

வைகையின் வடகரையில், செல்லூர்த் தறிகளின் ஓசைக்கிடையே வாழும் நமக்கு லிபியா தொலைதூர நாடே. ஆயினும், கம்பெனியாரை எதிர்த்து நின்று 1764இல் தூக்கிலிடப்பட்ட கான்சாகிபு யூசுப்கானின் அடக்கத்தலம் மதுரைச் சம்மட்டிபுரத்தில் உள்ளது. ஆதலின், தூக்குமேடையில் முடிவுற்ற மற்றொரு வீரரின் வரலாறு நமக்கு அந்நியமன்று.

லிபியாவின் கீழைப்பகுதியான பர்காவில், ஏறத்தாழ 1858இல் பிறந்தவர் உமர் முக்தார். ஜக்பூபிலிருந்த சனூசியா நெறியினரின் கல்விக்கூடத்தில் பயின்று, சிறார்க்குத் திருக்குர்ஆன் கற்பிக்கும் ஆசிரியரானார். அப்பணியிலேயே அவர்தம் வாழ்நாள் அமைதியாகக் கழிந்திருக்கக்கூடும்.

1911இல் இத்தாலி படையெடுத்தது. மறு ஆண்டே உதுமானியப் பேரரசு உடன்படிக்கை செய்துகொண்டு விலகியது, மக்கள் விலகவில்லை. 1922இல் சனூசித் தலைவர் இத்ரீஸ் எகிப்து சென்றபின், போரின் பொறுப்பு அறுபதைக் கடந்த இம்முதியவர் தோள்மீது விழுந்தது. ஜபல் அக்தர் எனும் பசுமலையின் பள்ளத்தாக்குகளை நன்கறிந்த அவர், சிறு குதிரைப்படைகளைக் கொண்டு வானூர்தியும் பீரங்கியும் உடைய பகைவரைத் திணறடித்தார். 1929இல் போர்நிறுத்தம் ஏற்பட்டது. எனினும் சமாதானம் என்பதற்குச் சரணடைதல் என்றே ஆள்வோர் பொருள் கொண்டமையால் அது நிலைக்கவில்லை.

1930இல் வந்த தளபதி கிராசியானி, வீரரை விடுத்து மக்களையே தாக்கினார். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். பல்லாயிரவர் பசியாலும் நோயாலும் மாண்டனர். எகிப்திலிருந்து உதவி வாராதபடி சுமார் 270 கிலோமீட்டர் நீளத்திற்கு முள்வேலி எழுந்தது. உணவளித்த கூடாரங்கள் வெறுமையாயின. தம் போராட்டத்திற்காக மக்கள் படும் துயரை அறிந்தும் களத்தை விடாதிருத்தல் எத்துணைக் கொடிய சோதனை!

1931 செப்டம்பர் 11இல் அவர் சிறைப்பட்டார். 15ஆம் நாள் பெங்காசியில் விசாரணை. மறுநாள் சுலூக்கில், முகாம் மக்கள் கண்ணெதிரே தூக்கு.

வென்றோரின் ஆட்சி எத்தனை காலம் நின்றது? உலகப் போரில் இந்திய வீரர்களும் பங்குகொண்ட படைகள் 1943இல் இத்தாலியரை லிபியாவினின்று அகற்றின. 1951 டிசம்பர் 24இல் லிபியா விடுதலை பெற்றது, இத்ரீஸ் மன்னரானார். 2008இல் இத்தாலி தன் ஆதிக்கக் காலக் கொடுமைகளுக்கு வருத்தம் தெரிவித்து, ஐந்நூறு கோடி டாலர் ஈடு தர உடன்பட்டது.

முப்பத்திரண்டு ஆண்டுகளில் ஒரு குடியேற்ற அரசு மறைந்தது. மாணவர்களே, அதனை எதிர்த்து நின்ற ஆசிரியரின் பெயரோ இன்றும் மறையவில்லை.